'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்': 5ஆம் பாகத்தில் விழுந்த முடிச்சு என்ன? எண்கள் சொல்லும் கதை

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' பார்த்து முடித்த கையோடு, அந்தக் கதையைப் புத்தகமாகவே படித்துவிடலாம் என்று 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' நாவலை ஆர்டர் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் தேடுவது இந்தப் புத்தகம் இல்லை.

இது ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிவரும் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் 5ஆம் பாகம். மொத்தம் 7 பாகங்கள் என்பது திட்டம். 2011 ஜூலை 12 அன்று இந்த நாவல் வெளியானது. 2025 ஜூலையில் அதற்கு 14 ஆண்டுகள் நிறைவடைந்தன. அப்போதும் 6ஆம் பாகமான 'தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்' வந்திருக்கவில்லை.

ஏன் வரவில்லை? எழுத்தாளருக்குச் சோம்பல், டிவி வேலை, வயது என்று ரசிகர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் பதிலின் பெரும்பகுதி இந்த 5ஆம் பாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்கவும் முடியும். வாங்க, எண்ணிப் பார்ப்போம்.

(எச்சரிக்கை: கீழே கதையின் முக்கியத் திருப்பங்கள் வருகின்றன.)

அப்போ 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' எந்தப் புத்தகம்?

அந்த டிவி தொடருக்கு அடிப்படை, 2018-ல் மார்ட்டின் எழுதிய 'ஃபயர் அண்ட் பிளட்'. டார்கேரியன் அரச குடும்பத்தின் வரலாறு போல எழுதப்பட்ட நூல் அது. அரியணைக்காக ரேனீராவும் அவளுடைய மாற்றாந்தாய் மகன் ஏகானும் மோதிக்கொள்ளும் உள்நாட்டுப் போருக்குத்தான் அந்தக் கற்பனை உலகத்தில் 'டிராகன்களின் நடனம்' என்று பெயர்.

நாம் பேசும் நாவலின் கதை அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பிந்தையது. டார்கேரியன் குடும்பமே கிட்டத்தட்ட அழிந்துபோய், டிராகன் என்பதே பழங்கதையாகிவிட்ட காலம். டெனேரிஸ் என்ற பதின்ம வயதுப் பெண்ணிடம் மட்டும் மூன்று டிராகன்கள் இருக்கின்றன: ட்ரோகன், ரேகல், விஸேரியன்.

7-ல் 5ஆவது, அதை எப்படி 'நடுப் பாகம்' என்கிறீர்கள்?

1990-களின் தொடக்கத்தில் மார்ட்டின் இந்தக் கதையை மூன்றே நாவல்களாகத்தான் திட்டமிட்டார். முதலாவது 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்', இரண்டாவது 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்', மூன்றாவது 'தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்'.

அதாவது, தொடக்கத்திலிருந்தே இது நடுவில் நிற்க வேண்டிய புத்தகம். தொடங்கி வைத்த சிக்கல்களைச் சேர்த்துப் பிடித்து, முடிவை நோக்கித் திருப்பிவிடும் பொறுப்பு இதனுடையது. எழுத எழுதக் கதை வளர்ந்தது. முதல் நாவலுக்கும் இதற்கும் இடையில் மேலும் மூன்று புத்தகங்கள் முளைத்தன. இரண்டாவதாக வரவேண்டியது ஐந்தாவதாகப் போய் நின்றது. ஆனால் அதன் வேலை மட்டும் மாறவே இல்லை.

இடைவெளி எப்போது கூடியது?

ஐந்து நாவல்களும் முதன்முதலில் வெளியான மாதங்களை வரிசைப்படுத்தினால் கிடைப்பது இது:

• 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்': 1996 ஆகஸ்ட்
• 'எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்': 1998 நவம்பர் (27 மாதங்கள் கழித்து)
• 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்': 2000 ஆகஸ்ட் (21 மாதங்கள்)
• 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்': 2005 அக்டோபர் (62 மாதங்கள்)
• 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்': 2011 ஜூலை (69 மாதங்கள்)

கவனித்தீர்களா? முதல் மூன்று நாவல்களும் நான்கே ஆண்டுகளில் வந்துவிட்டன. அதிலும் மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வேகமாக வந்தது. அது 1,000 பக்கத்தை நெருங்கும் புத்தகம். எனவே 'பெரிய புத்தகம், அதனால் தாமதம்' என்ற காரணம் எடுபடாது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது? கைவிடப்பட்ட 'ஐந்து ஆண்டுகள்'

மூன்றாம் பாகம் முடிந்ததும் கதைக்குள் ஐந்து ஆண்டுகள் தாவிவிடலாம் என்று மார்ட்டின் நினைத்திருந்தார். காரணம் எளிமையானது. ஆர்யா, பிரான் போன்ற முக்கியப் பாத்திரங்கள் குழந்தைகள். அவர்கள் வளர வேண்டும். டிராகன்களும் வளர வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்தத் தாவல் கச்சிதமாகப் பொருந்தியது. பெரியவர்களுக்குத்தான் பொருந்தவில்லை. வடக்கே மாபெரும் பனிச் சுவரைக் காக்கும் படைக்கு ஜான் ஸ்னோ அப்போதுதான் தலைவராகியிருக்கிறார். அங்கே ஐந்து ஆண்டுகள் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? தலைநகரில் மகனையும் தந்தையையும் பறிகொடுத்த செர்ஸி ஐந்து ஆண்டுகள் சும்மா இருப்பாளா? நடந்ததையெல்லாம் ஃபிளாஷ்பேக்கில் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

2001-ல் அந்தத் திட்டத்தையே மார்ட்டின் கைவிட்டார். தாண்டிப் போக நினைத்த காலத்தை இப்போது எழுதியாக வேண்டும். அந்தப் பொருள் பெருகிப் பெருகி, ஒரே புத்தகத்தில் அடங்காத அளவுக்குப் போனது.

ஒரு கதையை இரண்டாக வெட்டுவது எப்படி?

வழக்கமாக என்ன செய்வார்கள்? பாதிக் கதையில் 'தொடரும்' போடுவார்கள். மார்ட்டின் வேறு வழியை எடுத்தார். காலத்தை வெட்டாமல் ஆட்களை வெட்டினார். பாதிப் பேரின் முழுக் கதை ஒரு புத்தகத்தில், மீதிப் பேரின் முழுக் கதை இன்னொன்றில்.

தலைநகர், டோர்ன், இரும்புத் தீவுகள் எல்லாம் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' பக்கம் போயின. பனிச் சுவர், வடக்கு, கடல் கடந்த கிழக்கு நாடுகள் 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' பக்கம் வந்தன. அதனால் 4ஆம் பாகமும் 5ஆம் பாகத்தின் பெரும்பகுதியும் ஒரே காலத்தில் நடக்கின்றன. ஜான் ஸ்னோ தன் நண்பன் சாமை ஊரைவிட்டு அனுப்பும் உரையாடல் இரண்டு புத்தகங்களிலும் வருகிறது. ஒன்றில் சாமின் பார்வையில், மற்றதில் ஜானின் பார்வையில்.

இதற்கு ஒரு விலை இருந்தது. ரசிகர்கள் அதிகம் நேசித்த ஜான், டெனேரிஸ், டிரியன் மூவருக்கும் 4ஆம் பாகத்தில் ஒரு அத்தியாயம்கூட இல்லை. அடுத்த பாகம் மறு வருடமே வரும் என்ற எதிர்பார்ப்பை அந்தப் புத்தகத்தின் கடைசிக் குறிப்பில் மார்ட்டின் வெளியிட்டிருந்தார். வந்து சேர ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின.

73 அத்தியாயங்கள், 18 பேர்: எண்கள் என்ன சொல்கின்றன?

இந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் கண் வழியாகச் சொல்லப்படுகிறது. அவர் பார்த்தது, கேட்டது, நினைத்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். அப்படிக் கதை சொல்லும் பாத்திரங்களை நாவல் வாரியாக எண்ணினால் (முன்கதை, பின்கதை அத்தியாயங்களையும் சேர்த்து):

• 1ஆம் பாகம்: 73 அத்தியாயங்கள், 9 பேர் (சராசரியாக ஒருவருக்கு 8.1)
• 2ஆம் பாகம்: 70 அத்தியாயங்கள், 10 பேர் (7.0)
• 3ஆம் பாகம்: 82 அத்தியாயங்கள், 12 பேர் (6.8)
• 4ஆம் பாகம்: 46 அத்தியாயங்கள், 13 பேர் (3.5)
• 5ஆம் பாகம்: 73 அத்தியாயங்கள், 18 பேர் (4.1)

முதல் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் அத்தியாய எண்ணிக்கை ஒன்றே. கதை சொல்பவர்கள் மட்டும் இரண்டு மடங்கு. ஒருவருக்குக் கிடைக்கும் இடம் சரிபாதியாகிவிட்டது. 'கதை நகரவே மாட்டேங்குது' என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டதன் கணக்கு இதுதான். கதை நகராமல் இல்லை. 18 திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது.

அந்த 18 பேரும் சமமும் இல்லை. ஜானுக்கு 13, டிரியனுக்கு 12, டெனேரிஸுக்கு 10 அத்தியாயங்கள். மூவரும் சேர்ந்தே 35, அதாவது 48%. மீதிப் பாதி 15 பேருக்கு. தியானுக்கு 7, ஜெய்மிக்கு ஒன்றே ஒன்று. காலம் 4ஆம் பாகத்தைத் தாண்டியதும் ஆர்யா, செர்ஸி போன்றவர்களும் உள்ளே வந்துவிடுவதால் கூட்டம் இன்னும் கூடுகிறது.

'மீரீன் முடிச்சு' என்றால் என்ன?

மீரீன் என்பது டெனேரிஸ் பிடித்து ஆளும் நகரம். டிராகன்கள் அங்கே இருப்பதால் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது. டோர்ன் இளவரசன் குவென்டின் அவளை மணக்கப் புறப்படுகிறான். இரும்புத் தீவின் விக்டேரியன் கப்பல் படையோடு வருகிறான். தந்தையைக் கொன்றுவிட்டுத் தப்பிய டிரியனும் அந்தத் திசையில்தான் வருகிறான். எதிரிப் படைகள் நகரைச் சூழ்கின்றன.

யார் முதலில் வந்து சேர்வது? குவென்டின் முன்பே வந்தால் திருமணக் கதை ஒரு மாதிரி போகும், பிந்தி வந்தால் வேறு மாதிரி போகும். ஒருவரின் வருகையை ஒரு வாரம் தள்ளினால் மற்ற ஐந்து பேரின் அத்தியாயங்களும் மாறும். மார்ட்டின் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். இந்தச் சிக்கலுக்கு அவரே வைத்த பெயர்தான் 'மீரீன் முடிச்சு'.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கதையின் பிற்பகுதியில் டெனேரிஸ் டிராகன் மீது ஏறி நகரைவிட்டுப் போய்விடுகிறாள். அதன் பிறகு மீரீனில் நடப்பதை யார் கண்ணால் பார்ப்பது? முதிய வீரர் பாரிஸ்டன் செல்மியைப் புதிதாகக் கதை சொல்ல வைத்ததும் அது தீர்ந்தது. அவருக்கு 4 அத்தியாயங்கள்.

ஆனால் முடிச்சு முழுதாக அவிழவில்லை. மீரீனிலும் வடக்கே வின்டர்ஃபெல் அருகிலும் நடக்கவேண்டிய இரண்டு பெரும் போர்கள் இந்தப் புத்தகத்தில் இடமில்லாமல் 6ஆம் பாகத்துக்குத் தள்ளப்பட்டன. 1,000 பக்கம் கட்டி எழுப்பிய இரண்டு உச்சக்கட்டங்கள் அடுத்த புத்தகத்தின் தலையில் ஏறின. இதோடு 18 பேரின் தொங்கும் கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். 6ஆம் பாகம் எவ்வளவு கடனோடு தொடங்குகிறது என்பது புரியும்.

சரி, கதையில் என்னதான் இருக்கிறது?

இந்த நாவலை மற்ற நான்கிலிருந்தும் பிரித்துக் காட்டும் கேள்வி ஒன்று இருக்கிறது: நாட்டைப் பிடித்தாயிற்று, அடுத்து?

டெனேரிஸ் அடிமைகளை விடுதலை செய்தவள். ஆனால் விடுதலையான நகரத்துக்குச் சோறு எங்கிருந்து வரும்? பழைய எஜமானர்கள் இரவில் முகமூடி போட்டுக் கொலை செய்கிறார்கள். அவர்களைத் தண்டிப்பதா, சமாதானம் பேசுவதா? அவள் விடுவித்த அஸ்டபோர் நகரம் அவள் போன பிறகு சீரழிகிறது. யுன்காயில் அடிமை வியாபாரம் திரும்பி வருகிறது.

இந்த நேரத்தில் ஒரு தகப்பன் அவள் சபைக்கு வருகிறான். அவன் கொண்டுவந்த சாக்கில் எரிந்த எலும்புகள். ட்ரோகன் தின்றது ஒரு ஆட்டுக்குட்டியை அல்ல, அவன் மகளை. டிராகன் அவளுடைய பலம். அவள் காப்பாற்றுவதாகச் சொன்ன மக்களின் பிள்ளையைக் கொன்றதும் அதே டிராகன். ட்ரோகன் கைக்கு அகப்படாமல் பறந்துவிட, மற்ற இரண்டையும் அவள் இருட்டறையில் சங்கிலியால் கட்டிப்போடுகிறாள். தலைப்பிலேயே டிராகன் உள்ள புத்தகத்தின் பெரும்பகுதியில் இரண்டு டிராகன்கள் கட்டுண்டு கிடப்பது இதனால்தான்.

அமைதிக்காக ஹிஸ்தாரை மணக்கிறாள். தான் தடைசெய்த சண்டைக் களத்தைத் திறக்கவும் சம்மதிக்கிறாள். அந்தக் களத்துக்கே ட்ரோகன் வந்து இறங்குகிறது. அவள் அதன் மேல் ஏறிப் பறக்கிறாள். டிராகன்களை வசப்படுத்தப் போன குவென்டின் தீயில் வெந்து சாகிறான்.

வடக்கே ஜான் ஸ்னோவுக்கும் இதே பாடு. சுவருக்கு அப்பால் வாழும் பரம எதிரிகளை உள்ளே விடவில்லை என்றால் அவர்கள் செத்து, நடமாடும் பிணங்களாகத் திரும்பி வருவார்கள். இது அவனுக்குத் தெரிகிறது, அவனுடைய ஆட்களுக்குப் புரியவில்லை. சரியான முடிவை எடுக்கிறான். அதை எடுத்துச் சொல்லி எல்லோரையும் கூட்டிப்போகத் தவறுகிறான். கடைசியில் சொந்தப் படையே அவனைக் கத்தியால் குத்துகிறது.

இருவருக்கும் எதிரி வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம். வேகம் குறைவு என்று சலித்துக்கொண்ட வாசகர்களில் பலர், இரண்டாம் முறை படிக்கும்போது இதைத்தான் தொடரின் கனமான பகுதி என்கிறார்கள். ஆட்சி என்பது மெதுவான வேலை. அதைப் பற்றிய புத்தகமும் மெதுவாகத்தான் போகும்.

வரவேற்பு எப்படி இருந்தது?

எச்.பி.ஓ-வின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011 ஏப்ரல் 17 அன்று தொடங்கியது. மூன்று மாதம் கழித்து நாவல் வந்தது. வெளியான முதல் நாளில் 2,98,000 பிரதிகள் விற்றதாக அமெரிக்கப் பதிப்பகம் அறிவித்தது. 1,70,000 கெட்டி அட்டைப் பிரதிகள், 1,10,000 மின்னூல்கள், 18,000 ஒலிநூல்கள். 2012-ல் சிறந்த ஃபேன்டஸி நாவலுக்கான லோகஸ் விருதும் கிடைத்தது.

டிவியில் 4, 5ஆம் பாகங்களின் கதை பெரும்பாலும் 2015-ல் ஒளிபரப்பான 5ஆவது சீசனில் சேர்த்துப் பிழியப்பட்டது. குவென்டின் அதில் இல்லவே இல்லை. டார்கேரியன் வாரிசு என்று சொல்லி 5ஆம் பாகத்தில் திடீரென வந்து நிற்கும் இளைஞன் ஏகானும் இல்லை. நாவலில் டெனேரிஸும் டிரியனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதே கிடையாது. டிவியில் அந்த சீசனிலேயே அவன் அவளுக்கு ஆலோசகன் ஆகிவிட்டான். முடிச்சை அவிழ்க்க நேரமில்லாதவர்கள் கத்தரித்துவிட்டார்கள். 2019 மே மாதம் டிவி தொடர் முடிந்தேவிட்டது.

கத்தரித்தது லாபமா நஷ்டமா? டிவி தொடரின் கடைசி சீசன்கள் அவசரமாக ஓடின என்று கோபப்பட்டவர்களும், புத்தகம் நகரவில்லை என்று கோபப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ரசிகர்கள்தான்!

எழுத்தாளர் வாசகருக்குக் கடன்பட்டவரா?

இந்த நாவல் தாமதமான ஆண்டுகளிலேயே கிளம்பிய சண்டை இது. ஒரு தரப்பு சொல்கிறது: நான் ஒரு புத்தகத்துக்குக் காசு கொடுத்தேன், அந்தப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது, கணக்கு முடிந்தது. இன்னொரு தரப்பு: தொடர் என்று சொல்லித்தானே விற்றீர்கள், முடிவும் அந்த விலையில் சேர்ந்ததுதானே?

மார்ட்டின் எழுத்தாளர்களை இரண்டு வகையாகப் பிரிப்பார். வரைபடம் போட்டுவிட்டுக் கட்டுபவர் ஒரு வகை, விதை போட்டுவிட்டு வளர்வதைப் பார்ப்பவர் இன்னொரு வகை. அவர் தன்னைத் தோட்டக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார். முதல் மூன்று நாவல்களில் நம்மை அசரவைத்த எதிர்பாராத திருப்பங்கள் அந்த முறையில் விளைந்தவை. 5ஆம் பாகத்தின் முடிச்சும் அதே மண்ணில் விளைந்ததுதான். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று நாம் கேட்க முடியுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே சமயம், 1948-ல் பிறந்த மார்ட்டினின் வயதை நினைத்து வாசகர்கள் கவலைப்படுவதைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. ஐந்து நாவல்களும் சேர்த்து 17 லட்சம் சொற்களுக்கு மேல். நிமிடத்துக்கு 250 சொற்கள் என்று வைத்தாலும் 110 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரத்தை ஒருவரிடம் ஒப்படைத்தவர்கள் முடிவைக் கேட்பது நியாயம்தானே.

நான் இப்போது தொடங்கலாமா? எப்படிப் படிப்பது?

• முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். 5ஆம் பாகம் தனியாகப் படிக்கிற புத்தகம் இல்லை.

• 4-ஐயும் 5-ஐயும் கலந்து, நிகழ்வுகளின் கால வரிசைப்படி படிக்க ரசிகர்கள் அத்தியாயப் பட்டியல்கள் தயாரித்திருக்கிறார்கள். முதல் வாசிப்புக்கு வெளியான வரிசையே நல்லது. இரண்டாம் வாசிப்புக்குக் கலவை வரிசையை முயன்று பாருங்கள்.

• பிரிட்டன் பேப்பர்பேக் பதிப்பில் 5ஆம் பாகம் 'ட்ரீம்ஸ் அண்ட் டஸ்ட்', 'ஆஃப்டர் தி ஃபீஸ்ட்' என்று இரண்டு புத்தகங்களாக வருகிறது. ஒன்றை மட்டும் வாங்கி ஏமாந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு நாவல்.

• டிவி தொடரைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. 5ஆம் பாகத்தில் டிவியில் வராத கதை ஏராளம்.

• முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்பவரா நீங்கள்? 3ஆம் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பல பெரிய கணக்குகள் அங்கே தீர்ந்துவிடும்.

முடிவில்லாத கதைகூடப் பரவாயில்லை, அதிகாரம் கைக்கு வந்தபின் ஒரு நல்ல மனிதர் என்ன பாடு படுவார் என்று பார்க்க வேண்டும் என்றால், ஐந்தாவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு 6ஆம் பாகம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதில் இதிலேயே இருக்கிறது.